பற்றரி இறங்கினாலும் நேரம் மாறாத 555

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தவர்களுக்கு அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1990இல் நின்ற கரண்ட் வரவில்லை. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அந்த நிலையிலும் எங்கள் பௌதிகவியல் சேர் இலத்திரனியல் பாடத்தைக் கரும்பலகையோடு விட்டுவிடவில்லை.

வெயிலில் காயவைத்த ரோர்ச் பற்றரி ஆறைத் தொடராக இணைத்தார். நேரம் கணிக்கும் சில்லான, எட்டுக் கால் கொண்ட 555 ஐசி ஒன்று, 1000 ஓமிலும் 6800 ஓமிலும் இரண்டு தடைகள், மின்னைச் சேர்த்து வைக்கும் 100 மைக்ரோஃபரட் கொள்ளளவி, ஒரு சிவப்பு எல்ஈடி. ஏறத்தாழ செக்கனுக்கு ஒருமுறை அது மினுங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணச் சொன்னார். அப்புறம் இரண்டு பற்றரியைக் கழற்றிவிட்டுத் திரும்ப எண்ணச் சொன்னார். வெளிச்சம் மங்கியது, எண்ணிக்கை மாறவில்லை.

"வோல்ட்டேஜ் குறைஞ்சிட்டுது, நேரம் ஏன் மாறேல்லை? யோசிச்சுக்கொண்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விடை ஐசியின் உள்ளே இருக்கிறது. 5000 ஓம் தடைகள் மூன்று வரிசையாக நின்று, கொடுக்கும் வோல்ட்டேஜை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன. கொள்ளளவியின் வோல்ட்டேஜ் வெளியில் உள்ள இரண்டு தடைகளினூடாக ஏறிக்கொண்டு போகும். மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும் ஒரு ஒப்பீட்டுச் சுற்று, உள்ளிருக்கும் ஃபிளிப்-ஃபிளொப் என்ற இருநிலைச் சுற்றைத் திருப்பும். உடனே ஏழாம் காலில் சுவிச்போல நிற்கும் ரான்சிஸ்ரர் மின்னைக் கடத்தி, கொள்ளளவியை வடியவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினால் மற்ற ஒப்பீட்டுச் சுற்று எல்லாவற்றையும் பழையபடி திருப்பும். 9 வோல்ட் கொடுத்தால் எல்லைகள் 6உம் 3உம். 6 வோல்ட் கொடுத்தால் 4உம் 2உம். எல்லை இறங்கும்போது ஏறும் வேகமும் அதே விகிதத்தில் இறங்குகிறது. ஆகவே நேரத்தைத் தீர்மானிப்பது தடையும் கொள்ளளவியும் மட்டுமே. பற்றரி பழசா புதுசா என்பது அதற்குப் பொருட்டல்ல, 4.5 வோல்ட்டுக்குக் கீழே போகாதவரை.

இதை 1971இல் வடிவமைத்தவர் சுவிற்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சின்ட். சிக்னெற்றிக்ஸ் நிறுவனம் அடுத்த ஆண்டு விற்பனைக்கு விட்டது. முதல் வடிவத்தில் மாறா மின்னோட்டம் தரும் ஒரு சுற்றும் இருந்தது, ஒன்பது கால் தேவைப்பட்டது. அந்தச் சுற்றுக்குப் பதிலாக வெறும் தடையே போதும் என்று பிறகு அவருக்குப் பட்டது. ஒரு கால் குறைந்து, சின்ன எட்டுக் கால் உறைக்குள் அடங்கியது. இலத்திரனியலில் இதைவிட அழகான சிக்கனத்தை நான் கண்டதில்லை.

இப்போது எங்கள் பழைய மாணவர் சங்கம் பாடசாலை ஆய்வுகூடத்துக்குப் பொருட்கள் சேர்க்கிறது. கணினியும், நிரல் எழுதி இயக்கும் மைக்ரோகொன்ரோலர் பலகைகளும் பட்டியலில் இருக்கின்றன, நல்லது. அவற்றோடு ஒவ்வொரு மேசைக்கும் சில 555உம், ஊசி உள்ள மல்ரிமீற்றர் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். கொள்ளளவியை 1000 மைக்ரோஃபரட்டாக மாற்றி அதன் குறுக்கே மீற்றரை வைத்தால், ஊசி ஏறி மூன்றில் இரண்டு பங்கில் திரும்புவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். நிரல் எழுதி எல்ஈடியை மினுங்க வைக்கும்போது இது கிடைக்காது.