ஆடிப் புடவை, ஆவணி ஜாக்கெட்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. புளியோதரையும் தேங்காய் சாதமும் கிண்டி வைத்துவிட்டு தையல் மெஷினுக்கு வந்தபோது மணி பத்து. அதற்குள் வாசலில் மூன்று பேர் நின்றார்கள். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடவைகளை விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் அப்படியே கொண்டு வந்திருந்தார்கள். எல்லாம் ஆவணி முகூர்த்தத்துக்கு.

மூன்று பேரும் ஃபோனை நீட்டினார்கள். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே படம்: முதுகு மூடிய போட் நெக், முழங்கை வரை கை, தோளில் சின்னதாக ஒரு பஃப். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வாசலில் எல்லாரும் கேட்டது பத்து இஞ்ச் இறக்கிய பின்கழுத்தும், அதன் கயிற்றில் தொங்கும் குஞ்சலமும். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. முழங்கைக் கை வந்தால் பட்டுக்கரை முழுசாகக் கையில் உட்கார இடம் கிடைக்கிறது.

சிக்கல் துணியில்தான். புடவையோடு வரும் பிளவுஸ் பிட் பெரும்பாலும் 80 செ.மீ. குட்டைக் கைக்கு அது தாராளம். முழங்கைக் கையும் வேண்டும், பஃப்பும் வேண்டும் என்றால் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். ஃபோன் படத்தில் அது தெரியாது. துணியை மேசையில் விரித்து, வெட்டுப் படிவத்தை மேலே வைத்துக் காட்டினேன். ஒருவர் பஃப்பை விட்டுக்கொடுத்தார். இன்னொருவர் கைக்கு மட்டும் தனித்துணி எடுத்து வருகிறேன் என்று போனார். மூன்றாவது கல்யாணப் பெண். அவளிடம் பேச நேரம் போதவில்லை. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து, "இது கரெக்டா இருக்கும்க்கா" என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கல்யாணப் பெண் இன்று சாவகாசமாக வந்தாள். முகூர்த்தம் 28ஆம் தேதி. புடவை காஞ்சிப் பட்டு, வெங்காயத்தோல் நிறம், அரக்குக் கரை, அரக்கு ஜாக்கெட். கடையில் பேஸ்டல் பிங்க் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். "இதுக்குப் பேரு வெங்காயத்தோலு" என்றதும் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். அப்படியேதான் இருந்தது.

இந்த நிறப் பேச்சு எனக்கு அலுப்பதே இல்லை. அமெரிக்காவின் பாண்டோன் நிறுவனம் 2000 முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நிறத்தை அறிவிக்கிறது. போன வருடம் பீச் ஃபஸ், இந்த வருடம் மோக்கா மூஸ். போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் மோக்கா கலரில் லைனிங் கேட்டாள். என் அம்மா காப்பிக்கொட்டை கலர் என்று சொல்லும் அதே துணியைத்தான் எடுத்துக் கொடுத்தேன். மயில்கழுத்து, கிளிப்பச்சை, கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள் என்று சொன்னால் பொருளே கண்முன் வந்து நிற்கும். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் ஒரு நீலத்துக்கே எம்.எஸ். புளூ என்று பெயர் நிலைத்தது. இன்றைக்கும் பட்டுக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். இந்தப் பெயர்களை வாடிக்கையாளரிடம் நான் வேண்டுமென்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாலு பேர் வாயில் புழங்கினால் போதும்.

சரி, ஜாக்கெட். படத்தில் இருந்ததுபோல ஆரி வேலையும் (கொக்கி ஊசியால் போடும் பூவேலை) பஃப்பும் இரண்டும் கேட்டாள். மணியும் ஜர்தோசி ஜரிகையும் வைத்த துணியில் சுருக்கம் படியாது, விறைத்துக்கொண்டு நிற்கும். ஏதாவது ஒன்றுதான் என்றேன். ஆரி என்றாள். அளவு ஜாக்கெட்டை வைத்துத் துணியில் கழுத்தையும் கையையும் வரைந்து, ஆரி போடும் தங்கச்சியிடம் சாயங்காலமே கொடுத்துவிட்டேன். கை முழுக்க வேலை. முடிக்க பத்து நாள் கேட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி விரதம். மதியம்வரை யாரும் வரவில்லை. பீரோ மேலிருந்து பழைய நோட்டை எடுத்தேன்.

பதினாறு வயதில் தையல் கற்க ஆரம்பித்தபோது போட்ட நோட்டு. பத்திரிகைகளில் பிடித்த படத்தைக் கத்தரித்து ஒட்டுவேன். தீபாவளி மலர் விளம்பரங்கள், பெண்கள் பத்திரிகைகளின் நடுப்பக்கம், டீச்சர் வீட்டில் அடுக்கியிருந்த பழைய ஃபெமினா. அது 1959இலிருந்து வருகிற பத்திரிகை. எனக்கு அப்போது ஆங்கிலம் ஓடாது, படம் மட்டும் பார்ப்பேன். முதல் பக்கத்தில் நதியா. 1985க்குப் பிறகு நதியா கம்மல், நதியா வளையல் என்று ஊரெல்லாம் விற்றது. எட்டு, ஒன்பது வயதில் அந்தக் கம்மலுக்காக நான் அழுதது அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நோட்டின் நடுவில் நாலாக மடித்த பெரிய தாள் ஒன்று. எங்கள் மாமா புதுமண்டபத்தில் மெஷின் போட்டிருந்தார். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். ஆளுயரச் சிலைகள் நிற்கும் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தைப்பார்கள். பக்கத்திலேயே வளையல் கடை, புத்தகக் கடை. (இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் தூண் நிழலில் கேட்ட மெஷின் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை.) அங்கே பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றில் மாமாவுக்குக் கிடைத்தது புர்டா என்ற ஜெர்மன் பத்திரிகை. "இதுல ஏதோ கோடு கோடா இருக்கு, உனக்கு ஆகும்" என்று கொண்டு வந்து கொடுத்தார்.

ஏன்னே புர்டா என்ற பெண்மணி 1950இல் தொடங்கியது. 1952இலிருந்து உள்ளே வெட்டுப் படிவத்தையும் வைத்துக் கொடுத்தார்கள். ஒரே தாளில் பத்துப் பதினைந்து உடுப்புகளின் படிவம் ஒன்றன்மேல் ஒன்றாக, கலர் கலரான கோடுகளில். நமக்கு வேண்டிய கோட்டை மட்டும் பின்தொடர்ந்து வேறு தாளில் நகல் எடுக்க வேண்டும். ஒரு வார்த்தை படிக்கத் தெரியாமல் ஒரு மாதம் அதோடு கிடந்தேன். ஒரு சட்டையை வெட்டித் தைத்தால் எனக்கே இறுக்கம். இரண்டாவதும் இறுக்கம். அந்தப் படிவத்தில் தையலுக்கு விடும் துணி சேர்க்கப்படவில்லை, அதை நாமேதான் விட்டு வெட்ட வேண்டும் என்று மூன்றாவது துணியில் புரிந்தது. மற்ற பத்திரிகைகள் உடுப்பின் வெளிப்பக்கத்தைக் காட்டின. உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது இந்தத் தாள்தான். அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் தோளில் எங்கே தையல் வருகிறது, உடம்பு வளைவுக்காகப் பிடிக்கும் டாட் எங்கே முடிகிறது என்றுதான் கண் போகும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாலு லைனிங் ஜாக்கெட் முடிந்தது. ஃபால்ஸ் ஆறு புடவை. ஊசி இரண்டு உடைந்தது. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை என்பதால் கல்லூரிப் பெண்கள். ஒருத்தி அவள் அம்மாவின் சுங்குடிப் புடவையைக் கோ-ஆர்ட் செட்டாகத் தைக்கச் சொன்னாள்: மேலே சட்டை, கீழே அதே துணியில் பேன்ட், இரண்டு பக்கமும் பாக்கெட். புடவையைக் கையில் வாங்கியதும் வெட்ட மனசு வரவில்லை. அது கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் முக்கியது. புள்ளி ஒவ்வொன்றும் ஒரு அளவு, நடுவில் முடிச்சு நின்ற இடம் தடவினால் தெரிகிறது. எங்கள் ஊர் சௌராஷ்டிரர் வீடுகளில் பெண்கள் போட்ட முடிச்சு. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று கடையில் சுங்குடி என்று தொங்குவதில் பெரும்பாலானவை அச்சுப் புள்ளி.

அதை அவளிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்ப இதை அம்மாவே கட்டட்டும்க்கா, நான் பிரின்ட் போட்டது வாங்கிட்டு வர்றேன்" என்றாள். வாங்கியதும் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்திக் கொண்டு வா, காட்டன் சுருங்கின பிறகுதான் வெட்டுவேன் என்று சொல்லி அனுப்பினேன். பாக்கெட் கேட்டதில் எனக்கு அத்தனை சந்தோஷம். ஃபோனும் பஸ் காசும் வைக்க ஒரு இடம் கேட்டு வாங்க இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆரி வந்துவிட்டது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. கை முழுவதும் கொடி, நடுநடுவே வாழைப்பூ மொட்டு. ராத்திரியே சேர்த்துத் தைத்து, இன்று காலை போட்டுப் பார்க்கச் சொன்னேன். கை மேலே ஏறவில்லை.

இஞ்ச் டேப்பை எடுத்து உடம்பில் அளந்தேன். மேல்கைச் சுற்று 13½. அளவு ஜாக்கெட்டில் 12. அது இரண்டு வருடத்துக்கு முன் அவள் அக்கா கல்யாணத்துக்குத் தைத்ததாம். தவறு என்னுடையது. மூன்றாம் தேதி கூட்டத்தில் டேப்பை எடுக்கச் சோம்பலில்லை, அவசரம். உடம்பைத்தான் அளக்க வேண்டும் என்று என்னிடம் படிக்கும் பெண்களுக்கு வாரம் ஒருமுறை சொல்கிறவள் நான்.

பக்கவாட்டில் உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விட்டிருந்ததால் உடம்புப் பகுதியைப் பிரித்து விட்டுவிடலாம். கையை அப்படிப் பிரித்து விட முடியாது. வரைந்த கோட்டின் ஓரம்வரை மணி. உள்ளே விட்ட துணியைப் பிரித்தால் வேலையில்லாத வெறும் பட்டை ஒன்று நடுவில் தெரியும், பழைய தையல் ஓட்டையும் பட்டில் மறையாது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. எப்படியும் சரி செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 20, புதன்

வழி கிடைத்துவிட்டது. கொண்டு வந்தது அவளுடைய அப்பத்தா.

என்ன ஆனது என்று கேட்க அந்தப் பெண்ணோடு அவரும் வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். உடம்பில் கையால் தைத்த வெள்ளை ரவிக்கை. பேசிக்கொண்டே இரண்டு கையையும் தூக்கிக் கொண்டையை அவிழ்த்து முடிந்தார். ரவிக்கை இடுப்பிலிருந்து ஒரு விரல்கூட மேலே ஏறவில்லை. நான் தைக்கிற ஜாக்கெட்டில் கையைத் தூக்கினால் இரண்டு இஞ்ச் ஏறும்.

"அப்பத்தா, கையக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

கக்கத்தில் சாய்சதுரமாக ஒரு தனித்துண்டு. ஒரு முனை கைக்குள், மறுமுனை விலாவுக்குள் இறங்குகிறது.

"இது எதுக்குத்தா பாக்குற? கக்கத்துல துண்டு வைக்காட்டி கையத் தூக்கி எப்படி வேலை செய்யுறது?"

அவருக்குத் தைத்துக் கொடுத்தது அவருடைய மாமியாராம். இப்படி ஒரு துண்டு உண்டு என்று மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். உடம்போடு ஒட்டி வெட்டும் பாணி வந்ததும் அது காணாமலே போய்விட்டது. நான் ஒரு முறைகூட வைத்துத் தைத்ததில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெட்டு மிச்சத்தில் அரக்குப் பட்டு கையகலம் இருந்தது. பழைய துணியில் மூன்று தடவை தைத்துப் பார்த்துவிட்டுத்தான் பட்டில் கத்தரி வைத்தேன். கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டினேன், இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். முழங்கையில் ஒன்றுமில்லாமல் கூர்ந்து, கக்கத்தில் ஒன்றரை இஞ்ச் விரிந்து, விலாவில் மறுபடி கூரும் துண்டு. தையலில் மாட்டிய மணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக நொறுக்கி எடுக்கவே இரண்டு மணி நேரம். கையைத் தொங்கவிட்டால் துண்டு வெளியே தெரியவே தெரியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போட்டுப் பார்த்தாள். தோள் உட்கார்ந்தது, கை ஏறியது. "மாப்பிள்ளை எவ்வளவு உயரம்?" என்று கேட்டேன். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு என்றாள். "சரி, மாலை போடு" என்று ஒரு துணித்துண்டை மாலையாகக் கொடுத்து, கதவு நிலையில் ஓர் ஆணியைக் காட்டினேன். குதிகாலை உயர்த்திப் போட்டாள். ஜாக்கெட் நகரவில்லை. திரும்ப ஒருமுறை போட்டுப் பார்த்தாள், தேவையே இல்லாமல்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்றுச் சாயங்காலமே படம் அனுப்பியிருந்தாள். மாலை மாற்றும் நேரம், இரண்டு கையும் தலைக்கு மேலே. கடைத்தெருவில் பிரின்ட் போட்டு வாங்கி வந்து நோட்டில் ஒட்டினேன். பக்கத்தில் பென்சிலால் துண்டை வரைந்து எழுதி வைத்தேன்: கக்கத்தில் அகலம் 1½ இஞ்ச், கைக்குள் 7, விலாவுக்குள் 3, கிராஸ் வெட்டு, சுற்றிலும் தையலுக்கு அரை இஞ்ச் தனியாக விடவும். திங்கட்கிழமை வகுப்புப் பெண்களுக்குப் பழைய வேட்டித் துணியில் இதைத்தான் வெட்டக் கொடுக்கப்போகிறேன்.