அம்மாவோட பித்தவெடிப்பும் ஒரு கிளிசரின் பாட்டிலும்

மார்கழி பொறந்துட்டா அம்மாவுக்கு குதிகால் பாளம் பாளமா வெடிச்சுரும். போன வருஷம் மெடிக்கல்ல கிளிசரின் வாங்கிட்டு வந்து அப்படியே வெடிப்புல தடவிட்டேன், "எரியுதுடா, தொடச்சு விடு"ன்னு துடிச்சுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் இத பத்தி உக்காந்து படிச்சேன்.

கெமிஸ்ட்ரி புக்ல கிளிசரால்னு போட்டிருப்பாங்களே, அதேதான். மூணு கார்பன், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஓஹெச் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேந்த ஜோடி), இந்த மூணும் சேந்து தண்ணிய புடிச்சா விடாது. காத்துல ஈரம் இருந்தா அங்கேருந்து இழுக்கும், இல்லாட்டி தோலுக்குள்ள இருக்கற ஈரத்தையே இழுத்துரும். இப்பல்லாம் வெந்நீர்ல பத்து நிமிஷம் கால ஊறவெச்சு, ஈரம் காயறதுக்குள்ள ஒரு ஸ்பூன் கிளிசரினுக்கு ரெண்டு ஸ்பூன் பன்னீர் கலந்து தடவி பழைய காட்டன் சாக்ஸ் மாட்டி விடறேன், எரிச்சலே இல்ல. (சுகர் இருக்கறவங்க கால்ல எதையும் தடவறதுக்கு முன்னாடி டாக்டர கேட்டுக்கோங்க.)

1779ல ஸ்வீடன்ல ஷீலேங்கறவர் ஆலிவ் எண்ணெய ஈய ஆக்சைடோட காய்ச்சறப்ப இனிப்பா ஒரு திரவம் வந்துச்சு, அதான் இது. கிரேக்கத்துல இனிப்புங்கற வார்த்தைலேருந்துதான் பேரும் வந்துச்சு. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், மாட்டுக்கொழுப்பு எல்லாத்துக்குள்ளயும் இது இருக்கு, காஸ்டிக் சோடா சேத்தா எண்ணெய் சோப்பாவும் கிளிசரினாவும் பிரியுது. பெரிய கம்பெனிங்க பெரும்பாலும் அத தனியா எடுத்து வித்துருவாங்க, வீட்டுல காய்ச்சற சோப்புல அது உள்ளயே தங்கிரும், கைக்கு மெத்துனு இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது சினை ஊசிதான். ஊர்ல மாட்டுக்கு ஊசி போட வர்றவர் கேன் மூடிய தொறந்தா வெள்ளையா புகை வரும், உள்ள மைனஸ் 196 டிகிரில திரவ நைட்ரஜன், அதுல முங்கியிருக்கற, காளையோட விந்து அடைச்ச மெல்லிசு குழாய எடுத்து வெதுவெதுப்பான தண்ணில விட்டு உருக்குவார். அவ்வளவு குளிர்ல விந்து செல்லுக்குள்ள தண்ணி ஊசி ஊசியா உறைஞ்சு செல்லயே கிழிச்சுரும், விந்துல கிளிசரால் கலந்திருந்தா அப்படி உறைய விடாது. 1949ல இங்கிலாந்துல கிறிஸ்டோபர் போல்ஜும் கூட இருந்தவங்களும் சேவலோட விந்த வெச்சு இத கண்டுபுடிச்சாங்க. நம்ம தொழுவத்துல துள்ளற கன்னுக்குட்டிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு!

ஒரு விஷயம் மட்டும் வயித்த கலக்குது. டைஎத்திலீன் கிளைக்கால்னு ஒரு விஷம், பாக்க கிளிசரின் மாதிரியே கெட்டியா, நிறமில்லாம, இனிப்பா இருக்கும், விலையும் கம்மி, உள்ள போனா கிட்னி போயிரும். 1986ல மும்பைல ஆஸ்பத்திரில குடுத்த கிளிசரின்ல இது கலந்து 14 பேர் செத்தாங்க, 2022ல காம்பியாங்கற ஆப்பிரிக்க நாட்டுல இது கலந்த இருமல் மருந்து குடிச்ச குழந்தைங்க 60க்கு மேல. கண்ணால பாத்தோ நாக்குல வெச்சோ வித்தியாசம் கண்டுபுடிக்கவே முடியாது, லேப்ல டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும். மருந்து செய்யறவங்க வர்ற ஒவ்வொரு டிரம்மையும் டெஸ்ட் பண்ணாம உள்ள விடவே கூடாது, அதுல காசு மிச்சம் புடிக்கறவங்கள மன்னிக்கவே முடியாதுங்க.