விண்ணப்பத்தில் ஒரு கேள்வி

சியாட்டிலில் ஒரு சின்னக் குடிவரவுச் சட்ட அலுவலகத்தில் 2011இல் உதவியாளராகச் சேர்ந்தேன். தமிழ் தெரியும் என்பதால் நம்மூர்ப் பிள்ளைகளின் போனெல்லாம் என் மேசைக்கே வரும்.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு மாணவன் கூப்பிட்டான். (ஆள் தெரியாமலிருக்கச் சிலதை மாற்றியிருக்கிறேன்.) கிரீன் லேக் பக்கம் உட்கார்ந்திருந்தபோது போலீஸ்காரர் வந்திருக்கிறார். கஞ்சாப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பேரைக்கூடக் கேட்காமல் போய்விட்டாராம்.

"ஏதாவது ஆகுமா அக்கா?"

எல்லாம் தெரியும் என்ற மிதப்பில் இருந்தேன். ஒன்றும் ஆகாதுப்பா என்றேன். 2003 செப்டம்பரில் இனிஷியேட்டிவ் 75 என்று மக்கள் வாக்குக்கு விட்ட யோசனைக்கு ஆதரவாகச் சியாட்டிலில் 58 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். பெரியவர்கள் சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருந்தால், அதைப் பிடிப்பது இந்த ஊர் போலீசுக்குக் கடைசி வேலை. 2010இல் வந்த நகர வழக்கறிஞர் பீட் ஹோம்ஸ் அந்த வழக்குகளை நடத்துவதையே நிறுத்திவிட்டார். எஸ்பிரெஸோ காபிக்கு 10 சென்ட் வரி போடும் யோசனையை அந்த 2003 தேர்தலிலேயே இதே ஜனங்கள்தான் தோற்கடித்தார்கள் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

போனை வைத்ததும் வக்கீலம்மா எழுந்து வந்தார். அவருக்குத் தமிழ் புரியாது. 'இனிஷியேட்டிவ் 75' புரிந்துவிட்டது.

திட்டவில்லை. விசா விண்ணப்பத்தின் ஒரு பக்கத்தை அச்செடுத்து வந்து, ஒரு வரியைப் பென்சிலால் தட்டிக் காட்டினார். உன்னைக் கைது செய்தார்களா என்று அந்த வரி கேட்கவில்லை. போதைப்பொருள் சட்டம் எதையாவது எப்போதாவது மீறியிருக்கிறாயா என்று கேட்டது. பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள்.

ஊர் ஓட்டுப் போட்டதால் சட்டம் மாறிவிடவில்லை. 40 கிராமுக்குள் வைத்திருந்தாலும் அன்றைக்கு மாநிலச் சட்டப்படி அது குற்றம்தான். தண்டனை என்று வந்தால் ஒரு நாளாவது சிறை. விசாவைத் தீர்மானிக்கும் அமெரிக்க மத்தியச் சட்டமோ அசையவே இல்லை. போலீஸ்காரர் கண்டுகொள்ளாமல் விட்டார், அவ்வளவுதான். 520 பாலத்தைத் தாண்டி, நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பக்கத்து ஊர்களான பெல்வியூவுக்கோ ரெட்மண்டுக்கோ போனால் அந்தச் சலுகையும் கிடையாது. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா முத்திரைக்கு நிற்கும்போது, வழக்கே இல்லாவிட்டாலும் அவன் முறைப்படி ஒப்புக்கொண்டாலே மறுக்க வழி இருக்கிறது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம்.

திரும்பக் கூப்பிட்டேன். ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருந்தால் நிறுத்தி வை, திங்கட்கிழமை நேரில் வா என்றேன்.

"அப்போ அந்தப் போலீஸ்காரர் ஏன் விட்டார்?" என்றான்.

அவனுக்குப் புரியும்படி ஒரு பதில் எனக்கு அப்போது வரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் எவ்வளவு சரளமாகப் பேசினேன் என்பதுதான் உறுத்தியது.

2012இல் மாநிலமே கஞ்சாவை அனுமதித்துச் சட்டத்தை மாற்றியது. 2014 ஜூலையில் சியாட்டிலில் முதல் கஞ்சாக் கடை திறந்தபோது வரிசை கட்டி நின்றார்கள். மத்தியச் சட்டம் மாறாததால் எங்களுக்கு வேலை கூடியது. முதல் சந்திப்பில், "போலீஸ் பிடித்ததா?" என்று கேட்பதோடு நான் இப்போது நிறுத்துவதில்லை. "எப்போதாவது தொட்டிருக்கிறீர்களா, கடைக்குள் போயிருக்கிறீர்களா?" என்றும் கேட்கிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.

"என்னக்கா, ரசீது போட்டுத்தானே விற்கிறான்?"

அந்த ரசீதை வைத்திருக்கிறீர்களா என்பதுதான் என் அடுத்த கேள்வி.