1285

மார்ச் 3
தாத்தாவோட கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்) 4.1. நேத்து 3.8.

மார்ச் 4
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துட்டார். "வித்தியாசம் எவ்வளவு?"ன்னார். ஏதோ ரிப்போர்ட்டைக் கேட்கறார்னு நினைச்சு 0.3ன்னேன். "அது இல்லம்மா, சீனிவாசனுக்கும் பெரியவருக்கும்." விருதுநகர்ல காமராஜர் சீனிவாசன்கிட்ட தோத்த ஓட்டு வித்தியாசத்தைக் கேட்கறார். 1285 தாத்தான்னேன். படுத்துக்கிட்டார்.

மார்ச் 5
கால் வீக்கம் அப்படியேதான்.

மார்ச் 6
1967 பிப்ரவரியைத் தவிர வேற எதுவும் பேசறதில்லை. அப்போ அவருக்கு 22, முதல் ஓட்டு. விருதுநகர்ல காங்கிரஸோட இரட்டைக் காளையும் தி.மு.க.வோட உதயசூரியனும். அரிசிக்கு வரிசையில நின்னு நின்னு ஊரே வெறுத்துப்போயிருந்த நேரம். ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு தெருத்தெருவா கத்திட்டுப் போனாங்களாம். குண்டடிபட்டு கழுத்துல கட்டோட இருந்த எம்.ஜி.ஆர் படம் சுவரெல்லாம். முத்திரை குத்தினதும் மசி காயற வரைக்கும் வாயால ஊதிட்டுத்தான் சீட்டை மடிச்சேன்னார், பக்கத்துச் சின்னத்துல ஒட்டிடக் கூடாதுன்னு. எந்தச் சின்னத்துலன்னு சொல்லலை. பாட்டி இருந்தவரைக்கும் அவளுக்கும் சொன்னதில்லை.

மார்ச் 7
4.6.

மார்ச் 9
"1969ல நாகர்கோவில்ல பெரியவர் ஜெயிச்சு எம்.பி ஆயிட்டாரே தாத்தா, அப்புறம் என்ன?"ன்னேன். முகத்தைத் திருப்பிக்கிட்டார். "அது நாகர்கோவில். இது அவர் பொறந்த ஊரு." சாயங்காலம் வரைக்கும் என்கிட்ட பேசலை. ஏன் வாயைத் திறந்தேனோ.

மார்ச் 10
மாத்திரைக் கவர் பின்னாடி நடுங்கின கையெழுத்துல ஒரு கணக்கு. 33421, 32136. கீழே 643ன்னு எழுதி ரெண்டு கோடு.

ராத்திரி முழுக்க அந்தக் கவரையே பார்த்துட்டு இருந்தேன். ஓட்டுப் போட வராத காங்கிரஸ்காரங்களை எண்ணியிருந்தா 1286 பேர் வேணும். 643ன்னா, சூரியன்ல குத்தினவங்கள்ல அவ்வளவு பேர் மட்டும் மனசு மாறி காளையில குத்தியிருந்தா அவர் ஒரே ஓட்டுல தப்பிச்சிருப்பார். தாத்தா எண்ணினது மாத்திக் குத்தினவங்களை.

பள்ளிக்கூடத்துல மதியச் சோறு போட்டதாலதான் எட்டாவது தாண்டினேன்னு எங்க எல்லார்கிட்டயும் நூறு தடவை சொன்னவர். அம்பது வருஷத்துக்கு மேல இதை யார்கிட்டயும் சொல்லாம எப்படி வச்சிருந்தார்?

கவரை என் பர்ஸ்ல வச்சிருக்கேன். அப்பாகிட்ட காட்டலை.

மார்ச் 11
காலையில கஞ்சி ரெண்டு ஸ்பூன். கவரைத் தேடினார். குப்பைக்குப் போயிடுச்சுன்னு பொய் சொல்லிட்டேன். "சரி விடு"ன்னார்.

மார்ச் 12
5.2. டயாலிசிஸுக்குக் கையெழுத்துக் கேட்கறாங்க. அப்பா மதுரையிலேர்ந்து கிளம்பிட்டார்.