ரோஜா மிதக்கும் நாற்காலி

ஜப்பானிய வடிவமைப்பாளர் ஷிரோ குராமாதா 1988-ல் வடிவமைத்த 'மிஸ் பிளான்ச்' நாற்காலியின் படத்தை விட்டு இன்று கண்ணை எடுக்க முடியவில்லை. கண்ணாடி போலத் தெளிந்த அக்ரிலிக். அதற்குள் சிவப்பு ரோஜாக்கள், விழும் வழியிலேயே நின்றுவிட்ட மாதிரி. எல்லாம் செயற்கைப் பூக்கள்தான். இருக்கட்டுமே! கால்கள் அலுமினியக் குழாய். உட்காரலாம்தான், ஆனால் யாருக்கு மனசு வரும்?

அவரிடம் வேலை பார்த்த தோக்குஜின் யோஷியோகா 2001-ல் 'ஹனி பாப்' என்ற நாற்காலியைச் செய்தார். முழுக்கக் காகிதம். தட்டையாக இருப்பதை விசிறி போல விரித்தால் உள்ளே தேன்கூட்டு அறைகள். முதலில் உட்காருபவரின் உடல் அழுத்தத்தில்தான் இருக்கை உருவமே பெறுகிறது. இதில் சிற்பி யார், சொல்லுங்கள்?

என் ஓட்டு சிஷ்யருக்குத்தான். காபி சிந்தினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்காதீர்கள்.