வாசலில் கிடந்த செருப்பு

கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நின்றிருக்கிறீர்களா? கண்ணெரிச்சல் அரை மணி நேரத்தில் பழகிவிடும், ஆனால் சட்டை மூன்று தடவை துவைத்தாலும் அந்த வாடையை விடாது. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோடு வராத ராத்திரியாகப் பார்த்து, நண்பனுடைய மாமாவின் மண்டியில் ஒரு குறும்படம் எடுத்தோம். மதுரையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றால் "அருவா எங்க தம்பி?" என்று கேட்காமல் யாரும் தாண்டிப் போவதில்லை. எங்கள் படத்தில் அருவாள் கிடையாது. ஒரு ஜோடி ரப்பர் செருப்புதான்.

கதை இவ்வளவுதான். மண்டி முதலாளி அண்ணாச்சி கடையைப் பூட்டுவதற்கு முன்னால் தினமும் தெருமுனைக்குப் போய் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடிப்பார். பத்து நிமிஷம், ஷட்டர் பாதி இறங்கி நிற்கும். அங்கே பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன், வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்து பற்று வரவு நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழிக்கப் பார்க்கிறான். அண்ணாச்சி திரும்பி வந்துவிடுகிறார்.

முதலில் எடிட் பண்ணியது எப்படி இருந்தது என்றால்: இவன் நோட்டைப் புரட்டுகிறான், வெளியே அண்ணாச்சி வருகிறார், குனிகிறார், வாசலில் இவனுடைய செருப்பு, குளோசப், 'டங்' என்று ஒரு சத்தம். எங்களுக்குப் புல்லரித்தது. லேப்டாப்பில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். 'டங்' வந்தபோது கை ஒரு தடவை துள்ளியது, ஒரு மொச்சை கட்டிலுக்கடியில் ஓடியது, "நல்லாருக்குடா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். பட்டாசு வெடித்தாலும் கை அப்படித்தான் துள்ளும். அதற்கு நான் எதற்கு?

இதில் கேவலம் என்னவென்றால், பதில் எனக்கு ஏற்கெனவே தெரியும். சினிமா பேசுகிற எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன விஷயம். 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ எடுத்த நீளமான பேட்டியில் த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கடி வெடிகுண்டு. இரண்டு பேர் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது குண்டு திடீரென்று வெடித்தால் பார்க்கிறவனுக்கு 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்கூட்டியே காட்டிவிட்டு அதே பேச்சைப் பேசவிட்டால் 15 நிமிஷம் தவிப்பு. இதை டீக்கடையில் நானே நாலு பேருக்கு விளக்கியிருக்கிறேன். எடுக்கும்போது மட்டும் மறந்துபோகும். ஏனென்றால் எடுக்கிறவனுக்கு ஒளித்து வைத்துக் காட்டுவதில்தான் ஆசை.

சரி, மறுபடியும் ஒரு ராத்திரி மாமாவிடம் கெஞ்சி மண்டியை வாங்கினோம். இந்தத் தடவை படத்தின் முதல் ஷாட்டே செருப்புதான். வருகிறான், கழற்றுகிறான், குனிந்து உள்ளே போகிறான், கேமரா அவனோடு போகாமல் செருப்பிடமே நின்றுவிடுகிறது. நண்பன் விடவில்லை. "திருட்டு வேலைக்குப் போறவன் செருப்பைக் கழட்டிட்டாடா போவான்?" நியாயமான கேள்வி. ஆனால் கல்லாவில் லட்சுமி படம் இருக்கிற மண்டி அது, செருப்போடு யாரும் உள்ளே ஏறக்கூடாது, பதினோரு வருஷம் கழற்றிய காலுக்கு இன்றைக்குத் திருட வந்திருக்கிறோம் என்று தெரியுமா? அவன் தப்பு செய்வதே பழக்கத்தால்தான். பார்க்கிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்கள் காலும் அதைத்தான் செய்யும்.

அண்ணாச்சியாக நடித்தது மாமாவேதான். எழுதிக் கொடுத்த வசனத்தை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. போனை எடுத்து நிஜமாகவே அத்தையைக் கூப்பிட்டு, "இட்லியா? நேத்தும் இட்லிதானத்தா. சட்னி என்ன?" என்று பேச ஆரம்பித்துவிட்டார். முதல் தடவையும் இதையே பேசினார், சப்பென்று இருக்கிறது என்று வெட்டி எறிந்திருந்தோம். இப்போது அதே இட்லிப் பேச்சு, காலுக்கு ஒரு சாண் தள்ளிச் செருப்பு, உள்ளே மூட்டைக்குப் பின்னால் இவன். வெட்ட மனசு வரவில்லை. சட்னி என்ன என்று கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது.

கேமராவைத் தரையில் வைத்து, ஆட்டம் நிற்க ஒரு பெரிய வெங்காயத்தை முட்டுக் கொடுத்தோம். ஃபிரேமில் முன்னால் செருப்பு, பின்னால் அண்ணாச்சியின் வேட்டி ஓரமும் இரண்டு பாதமும். முகம் கிடையாது. இது யோசித்துச் செய்ததில்லை, மாமா உயரத்துக்குக் கேமராவை ஏற்ற ஸ்டாண்ட் இல்லை, அவ்வளவுதான். ஆனால் முகம் தெரியாததால் அவர் கண் எங்கே பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது. பார்த்துவிட்டாரா, இல்லையா? இட்லி பற்றிப் பேசிக்கொண்டே கட்டைவிரலால் ஒரு செருப்பை ஓரமாகத் தள்ளுகிறார் பாருங்கள், அதுவும் அவராகச் செய்ததுதான்.

நடுவில் கரண்ட் போய்விட்டது. நிஜமாகவே. நண்பன் தலையில் கை வைத்தான், நான் கட் சொல்லவில்லை. அந்தப் பழைய சீலிங் ஃபேன் கடக் கடக் என்று ஓடிக்கொண்டிருந்தது, யாருமே அதைக் கவனிக்கவில்லை. அது மெதுவாகி மெதுவாகி நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் ஒரு சத்தம் இருந்தது என்றே தெரிந்தது, அப்புறம் மூட்டைக்குப் பின்னால் இவன் மூச்சு கேட்டது. நிசப்தம் வேண்டுமென்றால் முதலில் ஒரு சத்தத்தைக் காதுக்குப் பழக்கிவிட வேண்டும் போல. இணையத்தில் எடுத்து வைத்திருந்த பயமுறுத்தும் இசையை அன்றைக்கே அழித்தேன். கோயன் சகோதரர்களின் நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென் (2007) படத்தில் கொலைகாரன் நாணயத்தைச் சுண்டிவிட்டு பெட்ரோல் பங்க் கடைக்காரரைப் பூவா தலையா சொல்லச் சொல்லும் காட்சி இருக்கிறதே, அதில் கசக்கிப் போட்ட முந்திரி பாக்கெட் மேஜையில் தானாக விரியும் மொரமொரப்புதான் மிரட்டும். அது போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இருட்டில் பூட்டைத் தேட மாமா செல்போன் டார்ச்சைப் போட்டார். வெளிச்ச வட்டம் படியில் ஏறி, செருப்பின் ஒரு வாரைத் தொட்டு, நகர்ந்து, திரும்பி வந்தது. இதெல்லாம் ஒரே ஷாட், 48 விநாடி. நடுவில் உள்ளே இருப்பவன் முகத்துக்கு ஒரு கட் கொடுக்கலாம் என்று எடிட்டர் பிடிவாதமாக நின்றான், இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தோம். முகத்துக்குப் போனவுடனே காற்று இறங்கிவிடுகிறது. அங்கே போன அந்த இரண்டு விநாடி செருப்பிடமிருந்து தப்பித்துவிடுகிறோமே. டென்ஷன் என்றால் கட கடவென்று வெட்ட வேண்டும் என்று நினைப்பது பாதி தப்பு. ஹிட்ச்காக்கின் சைக்கோ படத்துக் குளியலறைக் காட்சியில் வெட்டு மேல் வெட்டு விழும், ஆனால் அது கத்தி இறங்குகிற நேரம். காத்திருக்கிற நேரத்துக்கு இயக்குநர் ஆர்சன் வெல்ஸைப் பாருங்கள். டச் ஆஃப் ஈவில் (1958) தொடக்கத்தில் கார் டிக்கியில் குண்டை வைப்பதைக் காட்டிவிட்டு, மூன்று நிமிஷத்துக்கு மேல் வெட்டாமல் அந்தக் காரை ஊருக்குள் ஓடவிடுவார்.

இரண்டாவது தடவையும் அம்மாவுக்குத்தான் போட்டேன். இந்த முறை முருங்கைக்கீரை. கரண்ட் போகும் இடத்தில் கை நின்றது. டார்ச் வெளிச்சம் வாரைத் தொட்டபோது, "டேய், செருப்பப் பாத்துருவாரு போலயேடா, போயா அங்கிட்டு" என்று திரையைப் பார்த்துக் கையை வீசினாள். வேடிக்கை என்னவென்றால், திருடன் இவன். பாவம் அண்ணாச்சி, நஷ்டம் அவருக்கு. அம்மா திருடன் பக்கம் நிற்கிறாள். சைக்கோவில் நார்மன் பிணத்தை மறைக்கக் காரோடு சதுப்பில் தள்ளும்போது அது பாதியில் நின்றுவிடும், மூழ்கித் தொலையேன் என்று நாமும்தானே நினைக்கிறோம். மாட்டிக்கொள்ளப் போகிறவன் யாரோ, மனசு அவனிடம் போய் உட்கார்ந்துகொள்கிறது. நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை.

முடிவுக்குத்தான் மூன்று நாள் சண்டை. அண்ணாச்சி செருப்பைப் பார்க்க வேண்டாமா? இவ்வளவு தவிக்கவிட்டு ஒன்றுமே நடக்காவிட்டால் அடிக்க வருவார்கள் என்றான் நண்பன். நான் ஹிட்ச்காக்கின் சபோடாஜ் படத்தை உதாரணத்துக்கு இழுத்தேன். 1936-ல் வந்தது. பஸ்ஸில் ஒரு பையன் பார்சலில் குண்டு இருப்பது தெரியாமல் கொண்டு போவான், நமக்குத் தெரியும், கடைசியில் அது வெடித்துவிடும். அப்படி வெடிக்கவிட்டது தப்பு என்று ஹிட்ச்காக்கே த்ரூஃபோவிடம் ஒத்துக்கொண்டார். பார்க்காமலே போகட்டும் என்பது என் கட்சி.

கடைசியில் மாமாதான் தீர்த்துவைத்தார். அன்றைக்கு ரோலிங்கில் இருந்தபோதே, "கரண்டு இல்லாம உள்ள போய் என்னத்தப் பாக்க, ஃபேன் தானா நின்னுருச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஷட்டரை இழுத்து இறக்கிப் பூட்டுப் போட்டுவிட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டு நடந்துவிட்டார். உள்ளே நடித்துக்கொண்டிருந்த பையன் நிஜமாகவே கத்தினான். அந்தக் கத்தலை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டோம். பூட்டிய ஷட்டர், வெளியே செருப்பு, அதோடு படம் முடிகிறது.

அம்மா கீரையை மறுபடியும் எடுக்கவில்லை. கருப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"அப்ப காலைல கடை தொறக்க வர்றப்ப, செருப்பு அங்கனதான கெடக்கும்?"