காளவாயில் காணாமல் போன 79 கிலோ

பெரியப்பா கடலோரத்தில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். நான் பிளஸ் ஒன் படித்தபோது, ஒருநாள் 200 கிலோ கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிச் சுட்டார். எடுத்து நிறுத்தால் 121 கிலோதான். “79 கிலோவை எவனோ தூக்கிட்டான்” என்று காவலுக்கு இருந்தவரை வேலையைவிட்டு அனுப்பக் கிளம்பிவிட்டார்.

அந்த வாரம்தான் வகுப்பில், அணு எடைகளை வைத்துப் போடும் மோல் கணக்கு நடத்தியிருந்தார்கள். ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தேன்.

கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சூடேறினால் சுட்ட சுண்ணாம்பாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். அணு எடைப்படி கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்று பதினாறு 48, ஆக மொத்தம் 100. அதில் சுண்ணாம்பு 56, வாயு 44. கிராமோ கிலோவோ, விகிதம் இதேதான். 200 கிலோ போட்டால் 112 கிலோ சுண்ணாம்பு, 88 கிலோ புகையோடு போய்விடும்.

“காத்துக்கு 88 கிலோ எடையா?” பெரியப்பாவால் நம்பவே முடியவில்லை. எனக்கோ வேறு ஒன்று உறுத்தியது. கணக்குப்படி 112 என்றால் 121 எப்படி வந்தது? திருட்டு நடந்திருந்தால் குறையத்தானே வேண்டும்!

வேகாத கிளிஞ்சல் உள்ளே கிடந்தால்தான் எடை கூடும். ஒவ்வொரு கிலோ வேகாததும் வெளியேற வேண்டிய 440 கிராம் வாயுவைத் தன்னிடமே வைத்திருக்கும். 9 கிலோ கூடுதலை 0.44ஆல் வகுத்தேன்: ஏறக்குறைய 20 கிலோ வேகவில்லை.

சரி, பார்த்துவிடலாம் என்று தண்ணீர் தெளித்து நீற்றினோம். வெந்தது சீறிக்கொண்டு மாவாக உதிர்ந்தது. வேகாதது அப்படியே ஓடாகக் கிடந்தது. சலித்து நிறுத்தால் 17 கிலோ. மீதிக் கூடுதலுக்கு மணலும் கரிச் சாம்பலும் காரணமாக இருக்கும்.

பெரியப்பா நேராகக் காவல்காரர் வீட்டுக்குப் போய், கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் ராத்திரி என்னை உட்காரவைத்து, நீற்றுச் சுண்ணாம்புக்கும் கணக்குக் கேட்டார். 56 கிலோ சுட்ட சுண்ணாம்போடு 18 கிலோ தண்ணீர் சேர்ந்தால் 74. ஆவியாகப் போவது நிறைய என்பதால் தண்ணீர் அதைவிடக் கூடுதலாகவே ஊற்ற வேண்டும் என்றேன். “74 கிலோ ஆர்டருக்கு 100 கிலோ கிளிஞ்சல்” என்று காளவாய்ச் சுவரில் கரியால் எழுதிவைத்தார்.

அடுத்த தடவை அடுக்குகளை மெல்லியதாகப் போட்டார். 200 கிலோவுக்கு 115 கிலோ இறங்கியது.